டெட் பேப்பர் 1 கோச்சிங்: 14,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

எங்கள் மாவட்டத் தலைநகரில், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு (ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கிறவர்களுக்கானது பேப்பர் 1) தயார் செய்கிற ஒரு கோச்சிங் சென்டர். பெயர் போடவில்லை, போட்டும் பிரயோஜனமில்லை, இதே அச்சில் எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது. டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்வி ஆசிரியர் டிப்ளமா, இரண்டு வருடம் முடித்து வீட்டில் இருந்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆக வேண்டும் என்பது ஆசை, அதுவும் அரசுப் பள்ளியில். 2025 ஜூனில் சனி ஞாயிறு பேட்சில் சேர்ந்தேன். 14,000 ரூபாய், இரண்டு தவணை.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். வாசலில் 'அரசு ஆசிரியர் வேலை உறுதி' என்று பெரிய ஃப்ளெக்ஸ். டெட் என்பது வெறும் தகுதித் தேர்வு. 2018-இல் வந்த அரசாணைப்படி, டெட் பாஸ் செய்தவர்கள் வேலைக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும், 2024 ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது அதுதான். (ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கிறவருக்கு 'இடைநிலை' என்று ஏன் பெயரோ!) சேரும்போது ஆபீஸில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, பி.எட். மட்டும் முடித்த ஒரு பையனையும் பேப்பர் 1 பேட்சில் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவனுக்கு விஷயம் தெரிய ஒரு மாதம் ஆனது, பணத்தைத் திரும்ப வாங்க நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது.

வகுப்புகளைச் சொன்னால், கணக்கு சார் நன்றாக எடுத்தார். தமிழும் சூழ்நிலையியலும் பாடப்புத்தகத்தை அப்படியே வாசிப்பதுதான், அதை வீட்டிலேயே செய்யலாம், பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கிலீஷுக்கு மூன்று பேர் மாறினார்கள். நான் ரொம்ப எதிர்பார்த்தது சைக்காலஜியை, 150-இல் 30 மார்க், அதோடு குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அங்கேதானே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வந்த மேடம், குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று பியாஜே என்ற உளவியலாளர் சொன்ன நான்கு நிலைகளையும் வயதையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்து, இருபது நிமிடத்தில் எரிக்சன் என்ற இன்னொரு உளவியலாளருக்குத் தாவிவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் அக்கா பையனுக்கு, அவனுக்கு ஐந்து வயது, ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் மோர் ஊற்றிக் காட்டினேன். சமம் என்றான். ஒன்றை எடுத்து நெட்டையான கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் "இதுலதான் நிறைய" என்கிறான். திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினால் சமம், மறுபடி மாற்றினால் நிறைய! கண்ணுக்குத் தெரிகிற உயரத்தை வைத்தே அளவை முடிவு செய்கிற வயது அது, ராகத்தில் படித்த '2 முதல் 7 வயது' எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதை வகுப்பில் செய்து காட்ட ஐந்து நிமிடம் ஆகுமா?

செப்டம்பரில் பேட்சே மாறிப்போனது. பணி ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும் என்று அந்த மாதம் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அடுத்த வாரமே வேலையில் இருக்கிற டீச்சர்கள் கண்ணாடியும் டிபன் பாக்ஸுமாக வந்து உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் படியில்கூட உட்கார்ந்தோம், சென்டர் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடவில்லை. ஆனால் எனக்கு லாபம் இங்கேதான். என் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி டீச்சர், இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். கணக்கு சாரின் ஷார்ட்கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "ஏம்மா, கடன் வாங்கிக் கழிக்கிறத நீ எப்படி சொல்லிக் கொடுப்ப?" என்றார். நான் திருதிருவென விழித்தேன். பத்துப் பத்து ஈர்க்குச்சியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். "முப்பத்திரண்டுல அஞ்சு எடுன்னு சொல்லு. கட்டைப் பிரிச்சாத்தான் முடியும்னு அதுகளே கண்டுபிடிக்கும், நீ வாயே திறக்க வேண்டாம்" என்றார். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த பிறகு ஒரே அறையில் மூன்று கூட்டத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பதை டீ பிரேக்குகளில்தான் கேட்டுக்கொண்டேன். அவரோ தேர்வு பயத்தில் பாதி நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நியாயமாகப் பாராட்ட வேண்டியது டெஸ்ட் சீரிஸ். கடைசி ஆறு வாரம், வாரம் ஒரு முழுத் தேர்வு, ஓ.எம்.ஆர். தாளோடு, மூன்று மணி நேரம் கறாராக. முதல் டெஸ்டில் எனக்கு 71. நெகட்டிவ் மார்க் கிடையாது என்று தெரிந்தும் பதினெட்டு கேள்வியை விட்டுவிட்டு வந்த மடத்தனமும் அங்கேதான் வெளிப்பட்டது. நவம்பர் 15-ஆம் தேதி எழுதிய நிஜத் தேர்வில் விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தால் 97 வருகிறது. அதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ஆறு டெஸ்ட்தான் என்பேன்.

அதனால் முழு கோர்ஸில் சேர வேண்டாம். டெஸ்ட் பேட்ச் மட்டும் 2,500 ரூபாய்க்குத் தனியாகவே தருகிறார்கள். ஆபீஸில் கேட்டால் முதலில் இல்லை என்பார்கள், இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் தவணை 7,000 கட்டும் முன்பே இது எனக்குத் தெரிந்திருந்தால், டெஸ்டுக்கு 2,500 போக 4,500 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.