புள்ளிக்கு ஒரு வகுப்பு, இடத்துக்கு ஒரு பொதி: பம்பலப்பிட்டிப் பயிற்சி நிலையம் ஒன்றைப் பற்றி

கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியோரமாக, ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இயங்கும் பயிற்சி நிலையம் ஒன்றில் என் மூத்த மகள், அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கு எழுதப்படும் எஸ்.ஏ.டி. பரீட்சைக்குப் படித்தாள். அந்த நிலையம் இரண்டு சேவைகளை விற்கிறது. ஒன்று, பரீட்சைக்கான பன்னிரண்டு வார வகுப்பு. எங்களிடம் வாங்கிய கட்டணம் 95,000 ரூபாய். மற்றது, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டும் ‘அனுமதிப் பொதி’. அதற்கு 450,000 ரூபாய். இரண்டையும் வாங்கினோம். முதலாவது கொடுத்த காசுக்குப் பெறுமதியானது. இரண்டாவதை இனி ஒருவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அங்கே கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் இருவரின் பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் முதல் அமெரிக்காவுக்கு வெளியே இந்தப் பரீட்சை கணினியில்தான் நடைபெறுகிறது. 98 வினாக்கள், 2 மணி 14 நிமிடங்கள், மொழி, கணிதம் ஆகிய இரண்டு பகுதிகளுக்கும் தலா 800 என மொத்தம் 1600 புள்ளிகள். ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாக வரும். முதற்கூறில் பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் கூறின் கடினம் அமையும். இந்த அமைப்பை நன்றாக விளங்கிக்கொண்டு, அதற்கேற்பக் கற்பிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கணித ஆசிரியர் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, பிழைத்த கணக்குகளை மட்டும் அதில் குறிக்கச் சொன்னார். சரியான விடையை அல்ல, ஏன் பிழைத்தது என்பதை ஒரே வரியில். என் மகளின் கொப்பியில் பதினேழு இடங்களில் ‘கேட்டது 2x, நான் கொடுத்தது x’ என்று எழுதியிருந்தது. கணிதம் தெரியாத பிள்ளை அல்ல அவள். வினாவின் கடைசி வரியை வாசிக்காத பிள்ளை என்பதை அந்தக் கொப்பிதான் எங்களுக்குக் காட்டியது.

நிலையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம் மங்கலான நிழற்பிரதி. அதை நம்பியிருக்க வேண்டாம். பரீட்சையை நடத்தும் அமைப்பே புளூபுக் செயலியில் முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது, கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்திலும் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தானாகவே இருந்து படிக்கக்கூடிய பிள்ளைக்கு அவையே போதும் என்பது என் எண்ணம். என் மகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. வகுப்புக்கு முன் மாதிரிப் பரீட்சையில் 1360 எடுத்தவள், மார்ச் மாதப் பரீட்சையில் 1530 எடுத்தாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வரவேற்பறையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் பழைய மாணவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொரு முகத்தின் கீழேயும் 1580, 1590, 1600 என்று பொன்னிறத்தில் ஒரு இலக்கம். யார் எந்தக் கல்லூரிக்குப் போனார் என்பது ஒரு படத்தின் கீழும் இல்லை. அந்தச் சுவருக்கு முன்னால் இருந்துகொண்டுதான் அனுமதிப் பொதிக்குப் பொறுப்பான ஆலோசகர் என்னிடம், “அங்கிள், 1600 எடுத்துவிட்டால் பிறகு நீங்கள் யோசிக்கவே தேவையில்லை” என்றார். ஆறு வார விசேட வகுப்புக்கு இன்னுமொரு 60,000 ரூபாய் கட்டினேன். ஓகஸ்ட் பரீட்சையில் 1540 வந்தது. பத்துப் புள்ளி.

நான் ஏன் கட்டினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் வெட்டுப்புள்ளியோடு வளர்ந்தவர்கள். 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பாடங்களின் கடின வேறுபாட்டைச் சமப்படுத்தும் இசட் புள்ளியாக, நான்கு தசம தானங்களில் வருகிறது. பல்கலைக்கழக இடங்கள் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் எனப் பங்கிடப்படுகின்றன. மூன்று ஏ எடுத்தும் கொழும்பு மாவட்டம் என்பதால் மருத்துவ பீடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார்கள். அது இரக்கமில்லாத முறைதான். ஆனாலும் அதில் ஒளிவுமறைவு இல்லை: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு இலக்கத்தை வெளியிடும், அதற்கு மேலே நின்றால் இடம் உண்டு, கீழே நின்றால் இல்லை. அந்தப் பழக்கத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வரும் பெற்றோருக்கு, வெட்டுப்புள்ளியே இல்லாத ஓர் உலகத்துக்கான வெட்டுப்புள்ளியாக 1600ஐ அந்த நிலையம் விற்கிறது.

மாணவர் தெரிவில் இனப் பாகுபாடு காட்டுகிறது என்று ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் வெளிவந்த கணக்கு ஒன்றே இதை விளக்கப் போதும். 2019இல் பட்டம் பெறவேண்டிய அணிக்கு விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களுள் 3,400 பேருக்கு மேல் கணிதத்தில் முழுப் புள்ளி பெற்றிருந்தார்கள். மொழிப் பகுதியில் முழுப் புள்ளி பெற்றவர்கள் சுமார் 2,700 பேர். இருந்த இடங்களோ ஏறத்தாழ 1,600. எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2022 மார்ச்சில் பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்கியபோதுகூட, தங்கள் பாடநெறியைத் தாங்கும் அளவுக்குக் கணிதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அது பயன்படுகிறது என்றும், முழுப் புள்ளிக்காரருக்குத் தனி விருப்பம் எதுவும் இல்லை என்றும் விளக்கியது. ஆகவே 1540 எடுத்த பிள்ளை வாசலைக் கடந்துவிட்டாள்; அதற்குப் பிறகு பார்க்கப்படுபவை வேறு. இதை ஆலோசகர் அறியாதவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மகளின் பட்டியலில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்கு “1540 கொஞ்சம் பலவீனம்” என்று அவர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அனுமதிக்கு இந்தப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை.

வேறு பார்க்கப்படுபவற்றுள் கட்டுரை முக்கியமானது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவமாக அனுப்பும் பொது விண்ணப்பத்தில் அதற்கு 650 சொற்கள்தான் இடம். என் மகள் இரண்டு வருடங்களாக வெள்ளவத்தைக் கால்வாயின் நீர்மட்டத்தைக் கணக்கெடுத்து வந்தவள். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்திலுள்ள மதிலில், மிஞ்சிய நீலப் பெயின்றால் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, மழை பெய்த நாட்களில் காலையும் மாலையும் போய்ப் பார்த்து எழுதுவாள். கட்டுரையின் முதல் வரைவு அதைப் பற்றியது: எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் எந்த வீட்டு அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் தூக்கி வைப்பார் என்பதிலிருந்து தொடங்கியது. ஆலோசகரின் கையிலிருந்து திரும்பி வந்தபோது கால்வாய் ஒரு வாக்கியமாகச் சுருங்கியிருந்தது. மாணவத் தலைவியாக அவள் ஆற்றிய சேவையும், தலைமைத்துவத்தின் மகத்துவமும் நிரம்பியிருந்தன. “இதை நான் எழுதவில்லை அப்பா, இதில் நான் இல்லை” என்றாள். பழைய வரைவையே அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன். எப்படியும் அது அவளுடைய விண்ணப்பம்.

பண விடயத்தில் நடந்தது அதைவிட மோசம். உதவிப்பணம் கேட்கும் வெளிநாட்டு மாணவரைத் தெரிவு செய்யும்போது பெரும்பாலான கல்லூரிகள் அந்தத் தேவையையும் கணக்கில் எடுக்கின்றன. ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் போன்ற சிலவே அதைப் பார்க்காமல் தெரிவு செய்கின்றன. எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பட்டியல் போடும்போது முதலாவதாகப் பேசவேண்டிய விடயம் இது. நான்கரை இலட்சம் ரூபாய்ப் பொதியில் இது ஒரு நாளும் பேசப்படவில்லை. இரு நாடுகளுக்கிடையிலான கல்விப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் அமெரிக்க – இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் ஆலோசனைப் பிரிவுக்குப் போன அன்றுதான், ஒரு சதமும் செலவில்லாமல், எனக்கு இது விளங்கியது.

மகள் ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். பத்தாம் வகுப்பிலிருந்து மேசைக்கு மேல் எந்தக் கல்லூரியின் படத்தை ஒட்டி வைத்திருந்தாளோ, அது மறுத்துவிட்டது. இரண்டு ஏற்றுக்கொண்டன, அவற்றில் ஒன்று எங்களால் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுக்கு உதவிப்பணமும் தந்தது. கால்வாய்க் கட்டுரையால் கிடைத்ததா, புள்ளியால் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவரிடம் காசு கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

மற்றவை சுருக்கமாக. குளிரூட்டி வேலை செய்கிறது. வாகனம் நிறுத்த இடம் இல்லை. காலி வீதியில் ஓடும் 100, 101 பேருந்துகள் வாசலுக்கு அருகிலேயே நிற்கும். சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு உயர்தர ரியூசனோடு மோதும், ஆகவே சேருவதற்கு முன் நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பொதியின் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதினேன், பதில் இல்லை.

இளையவன் வருகிற தை மாதம் அதே கணித ஆசிரியரிடம் சேருகிறான். வகுப்புக்கு மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். கட்டணத்தை இரண்டு தவணைகளில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள்.