“இலவசமாத் தண்ணி சோதிக்கிறம்” எண்டு படலையைத் தட்டினால்

கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்து ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. பிள்ளையள் வெளிநாட்டில இருக்க, தனிய இருக்கிற அம்மா அப்பாமாருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. குறி அவையளிலதான்.

கழுத்தில ரை, கையில சூட்கேஸ், நெஞ்சில ஒரு அடையாள அட்டை. “தண்ணி செக் பண்ண வந்தனாங்கள் அன்ரி, காசு ஒண்டும் வேண்டாம்” எண்டு ரெண்டு பெடியள் அம்மாட்டை வந்திருக்கினம். நீர் வழங்கல் சபை ஆக்கள் எண்டு அம்மா நினைச்சிட்டா. அவையும் இல்லையெண்டு சொல்லேல்லை.

ரெண்டு கிளாஸ் கேட்டிருக்கினம். ஒண்டில எங்கட பைப்பில வாற கிணத்துத் தண்ணி, மற்றதில அவை கொண்டந்த போத்தல் தண்ணி. நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சாமானை ரெண்டுக்குள்ளயும் வைச்சு பிளக்கைப் போட, எங்கட தண்ணி மண்ணிறமாகி, பச்சையும் கறுப்புமா நுரைச்சு, சேறாப் போச்சாம். அவையின்ர தண்ணி அப்பிடியே தெளிவா நிண்டதாம். “இதைத்தான் அன்ரி இவ்வளவு காலமும் குடிச்சிருக்கிறியள். கிட்னிக்குக் கூடாது.” சுன்னாகத்துக் கிணறுகளில ஒயில் மிதந்த கதையையும் எடுத்து விட்டிருக்கினம். அம்மா பயந்துபோய்க் கனடாவில இருக்கிற அண்ணாவுக்கு அடிக்க, அவனும் பயந்து காசு அனுப்பிட்டான். மூண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிட்ட.

அந்தச் சேறு எங்கையிருந்து வந்தது? கம்பியில இருந்து. அதில சில கம்பி இரும்பு, சிலது அலுமினியம். கரண்ட் ஓட இரும்பு கரைஞ்சு துருவாத் தண்ணிக்குள்ள இறங்கும். கரண்ட் ஓடத் தண்ணியில உப்புக்கள் கரைஞ்சிருக்க வேணும். கிணத்துத் தண்ணியில அது தாராளமா இருக்கு. அவையின்ர போத்தல் ஆர்.ஓ தண்ணி, எண்டால் உப்பை வடிச்செடுத்த தண்ணி, அதில உப்பு இல்லாத மாதிரித்தான், ஆனபடியால் கம்பி கரையாது. ஊரில எவ்வளவு நல்ல கிணத்துத் தண்ணியை வைச்சாலும் இதே சேறு வரும்.

தாங்கியில இருந்து வாற லைனில மூண்டு நீலக் கூடு பூட்டியிருக்கினம். ஒண்டுக்குள்ள நூல் பில்டர், ஒண்டுக்குள்ள கரி, மூண்டாவதில “சொப்னர்”, அதாவது தண்ணியின்ர வன்மையை (கரைஞ்சிருக்கிற கல்சியம், மக்னீசியத்தை) எடுக்கிற சாமான். பைப்பைச் சுத்தி ஒரு காந்தமும் கட்டிவிட்டிருக்கு. இனிக் கேத்திலில வெள்ளை படியாது, சவர்க்காரம் நல்லா நுரைக்கும், ஷவர் அடைக்காது எண்டு வாய்நிறைய உத்தரவாதம். கொஞ்ச நாளிலயே கேத்திலின்ர அடியில பழையபடி சுண்ணாம்பு ஓடு. ஹீற்றருக்கும் அதே கதி. தேத்தண்ணியில ஆடை படியிறதும் நிக்கேல்லை. போன் எடுத்துக் கேட்டால் ரி.டி.எஸ் மீற்றரோட (தண்ணியில கரைஞ்சிருக்கிறதின்ர மொத்தத்தைக் காட்டுற கருவி) ஒருத்தன் வந்து ஏதோ ஒரு இலக்கத்தைக் காட்டி, “கார்ட்ரிட்ஜ் மாத்த வேணும்” எண்டு இன்னொரு பில் நீட்டுறான். ரி.டி.எஸ் மீற்றர் வன்மையை அளக்காது. உண்மையான சொப்னர் பூட்டினாலும் அந்த இலக்கம் பெரிசா இறங்காது, கல்சியம் போற இடத்துக்குச் சோடியம் வந்திடும்.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வரும். தாளையடியில 2024 இல திறந்த, கடல்நீரை நன்னீராக்கிற நிலையத்துத் தண்ணி கிடைக்கிற வீடுகளுக்கு இந்தக் கரைச்சல் குறைவா இருக்கும். கிணறும் மோட்டரும் தாங்கியுமா இருக்கிற எங்களுக்கு வன்மை இருக்கத்தான் செய்யும். இலங்கைத் தரநிர்ணயத்தில மொத்த வன்மைக்கு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கு உடல்நலத்தை வைச்சு எல்லையே போடேல்லை. ஆக இது முதலில கேத்திலுக்கும் பைப்புக்கும் உடுப்புக்கும்தான் வில்லங்கம். எங்கட பக்கம் பயப்பிட வேண்டினது நைத்திரேற்றுக்கு. தோட்டத்து உரத்தாலயும் மலசலகூடக் குழியாலயும் வாறது. அதைப் பற்றி அந்தப் பெடியள் வாயே திறக்கேல்லை. கொதிக்க வைச்சாலோ சொப்னர் பூட்டினாலோ நைத்திரேற்று போகாது. கைக்குழந்தை இருக்கிற வீடு எண்டால் முதல் அதைச் சோதியுங்கோ.

நான் கூட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் தண்ணி எடுத்து ஆய்வுகூடத்தில குடுத்தன். வன்மை முன்னுக்கு லீற்றருக்கு 420 மில்லிகிராம், பின்னுக்கு 405. லட்சக் கணக்கில குடுத்து வாங்கினது அந்த 15.

கணக்கே பிழைக்குது. சொப்னருக்குள்ள இருந்து கல்சியத்தைப் பிடிக்கிற ரெசின் மணி, ஒரு லீற்றர் அளவு எண்டு வைச்சாலும், எங்கட வன்மைக்கு நூறு, நூற்றைம்பது லீற்றர் தண்ணியோட களைச்சுப் போகும். ஒருநாள் குளிக்கத் தோய்க்கவே காணாது. பிறகு உப்புத்தண்ணி விட்டுக் கழுவினால்தான் திரும்ப வேலை செய்யும். ஆனபடியால் சொப்னர் விக்க வாறவனிட்டை முதல் கேள்வி, “உப்பு எதுக்குள்ள போடுறது? கழுவுற தண்ணி எங்க போகும்?” எங்கட கூட்டில உப்புப் போட இடமே இல்லை. உண்மையான சொப்னர் வாங்கிறவையும் இதை யோசியுங்கோ, அந்த உப்புத்தண்ணியை வளவுக்குள்ள விட்டால் திரும்ப எங்கட கிணத்துக்குத்தான் ஊறும்.

பிறகு அதே பெடியள் அடுத்த ஒழுங்கையில ஒரு மாமி வீட்டில கிளாஸ் வைச்சுக்கொண்டிருக்கக் கண்டு உள்ள போனன்.

“தம்பி, உங்கட போத்தல் தண்ணிக்குள்ளயும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டிட்டு வையுங்கோ பாப்பம்.”

“இல்லை அண்ணை, மெசின் பழுதாப் போகும்.”

மாமி அதுக்குள்ள குசினிக்குப் போய் உப்புப் போத்தலோட வந்திட்டா. அவ்வளவுதான், குடுத்த தேத்தண்ணியையும் தொடாமல் சூட்கேஸைப் பூட்டிக்கொண்டு போட்டினம். மாமிக்கு இப்பவும் சிரிப்பு. எங்கட அம்மாவுக்குச் சிரிப்பு வரேல்லை.

காசு இன்னும் திரும்பி வரேல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறன். அவையின்ர இலக்கம் 1977. சாமான் வாங்கி மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்க வேணும், அதுதான் சட்டம். வாங்கினவையை இழுத்தடிக்கிறதும் அந்த மூண்டு மாதம் ஓடட்டும் எண்டுதான் போல. இதே நீலக் கூடும் காந்தமும் உங்கட வீட்டில இருந்தால் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைச்சிட்டு எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ. பற்றுச்சீட்டே தரேல்லை எண்டால் வங்கியில காசு போன பதிவை எடுத்து வையுங்கோ. கூட்டைக் கழற்றி எறியாதேங்கோ, அதுதான் சான்று.