70 லிட்டர் கடல்நீர்த் தொட்டி: எந்த மீனோடு எந்த மீன்?

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். கணக்குப்படி 88 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக உள்ளே நிற்பது 70 லிட்டர்தான். நீண்ட நாள் வைத்துப் பார்த்ததில், இந்த அளவுக்கு நான்கு சிறிய மீன்களே போதும். கடையில் எல்லாக் குஞ்சும் சாதுவாகத்தான் தெரியும். குணம் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

டாம்செல் என்ற சிறிய பவளப்பாறை மீன் அப்படித்தான். விலை குறைவு, எதையும் தாங்கும் என்று முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வளர்ந்ததும் ஒரு கல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, பின்னால் வருகிற மீன்களின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். அதைப் பிடித்து வெளியேற்றக் கல் முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும். சிக்ஸ்லைன் ராஸ் என்ற கோடுபோட்ட மீனும் இதே ரகம், கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கும்.

ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஆசெல்லாரிஸ் கிளவுன் மீன் ஜோடியை நம்பி வாங்கலாம். குஞ்சுகள் எல்லாமே முதலில் ஆண்; ஜோடியில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் யார் பெரியவர் என்ற சண்டை இழுத்துக்கொண்டே போகும், அதனால் ஒன்று தெளிவாகப் பெரிதாக இருக்கட்டும். சில நாளில் சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடலைப் படபடவென உதறும். பார்ப்பவர்கள் நோய் என்று பயப்படுவார்கள். அது பணிந்துபோகும் அடையாளம், ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். மூன்றாவது கிளவுனோ மரூன் கிளவுனோ சேர்த்தால் அடிபட்டுச் சாகும். கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பொரித்த குஞ்சு மேல். வந்த நாளிலிருந்தே குருணைத் தீனி எடுக்கும்.

அடித்தளத்துக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற மீன், கூடவே ஒரு பிஸ்டல் இறால். மணல் 5 செ.மீ. ஆழமாவது வேண்டும். இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலுக்குக் கண் மங்கல் என்பதால் ஒரு மீசையை எப்போதும் மீன்மேல் வைத்திருக்கும். கோபி வாலை ஆட்டியதும் உள்ளே ஓடிவிடும். தோண்டும்போது கல் சரியாமல் இருக்க, கல்லை நேரே தொட்டியின் அடியில் அமர்த்திவிட்டுப் பிறகு மணல் போடுங்கள்.

நான்காவது ஃபயர்ஃபிஷ். பயந்த சுபாவம், துரத்தினாலோ திடீரென விளக்கை அணைத்தாலோ துள்ளி வெளியே விழும். கண்ணாடி மூடி வெப்பத்தை அடைக்கும், வலை மூடியே சரி. ஃபில்டர் குழாய் நுழையும் மூலையையும் அடைக்க வேண்டும், பெரும்பாலும் அந்த இடைவெளி வழியாகத்தான் போகும்.

விடும் வரிசை முக்கியம்: முதலில் ஃபயர்ஃபிஷ், அடுத்து கோபி, கடைசியில் கிளவுன். தண்ணீரில் கழிவிலிருந்து சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமான பிறகே முதல் மீன். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு வாரம். தனித்தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய் பிரதான தொட்டிக்குள் வந்துவிட்டால் அங்கே செம்பு மருந்து போட முடியாது, இறால் செத்துவிடும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பிரதான தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் ஓட்ட வேண்டும்.

மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் இத்தனை சின்னத் தொட்டியில் அதற்கு இரையாக வேண்டிய கோபெபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் சீக்கிரம் தீர்ந்துபோய்ப் பட்டினியில் மெலியும். நீல டாங் மீன் ஓரடி வளரும், இதற்குள் அடங்காது. கடல்குதிரையை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.