லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு எதில் பணம் போடலாம்? ஆயில், கூலண்ட், பெல்ட், பிளக்: ஓர் ஒப்பீடு

2008க்கும் 2014க்கும் இடையில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார்கள் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10, பழைய ஸ்விஃப்ட். பெரும்பாலானவை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. விற்றால் பெரிதாகப் பணம் வராது, புதிது வாங்கினால் வருடக்கணக்கில் தவணை கட்ட வேண்டும். இருக்கிற இன்ஜினை இன்னும் ஐந்தாறு வருடம் ஆரோக்கியமாக ஓட வைப்பதுதான் இந்தக் குடும்பங்களுக்கு லாபம். ஆனால் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "இதைப் போடவா, அதைப் போடவா சார்" என்ற கேள்வி வந்துவிடுகிறது. விலை அதிகமானதைப் போட்டால் வண்டிக்கு நல்லது என்று நினைத்துத் தலையாட்டுகிறோம். எல்லா இடத்திலும் அது சரியில்லை.

மினரலா, செமி சிந்தெடிக்கா, ஃபுல் சிந்தெடிக்கா?

மினரல் ஆயில் விலை குறைவு, ஆனால் சூட்டில் சீக்கிரம் கெடும். 5,000 கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும். ஃபுல் சிந்தெடிக் சூட்டை நன்றாகத் தாங்கும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் வரை, அதாவது மேல்பகுதி வரை, வேகமாக ஏறும். செமி சிந்தெடிக் இரண்டுக்கும் நடுவில். இவ்வளவும் கேன் விற்பவரே சொல்லிவிடுவார். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் ஆயிலுக்கு முக்கியம் என்பதை அவர் சொல்லமாட்டார்.

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது என்பது பல கம்பெனிகளின் கணக்கு. நான்குவழிச் சாலையில் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடுவது சுமார் 167 மணி நேரம். சென்னை ஓஎம்ஆரிலோ கோவை அவினாசி சாலையிலோ நெரிசலில் சராசரி 20தான் என்றால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். மூன்று மடங்கு உழைப்பு, மீட்டரில் ஒரே எண். அதிலும் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், அங்கேயே ஆஃப் என்று ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும். காரோடு வந்த மேனுவலின் பின்பக்கங்களைப் பாருங்கள். தூசி, குறுந்தூரம், நின்று நின்று போகும் ஓட்டம் ஆகியவற்றுக்கு இடைவெளியைக் குறைக்கச் சொல்லித் தனிப் பட்டியலே இருக்கும்.

அதனால் ஊருக்குள் மட்டும் ஓடும் பழைய காருக்கு நான் சொல்வது: மேனுவல் சொன்ன கிரேடில் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) நல்ல செமி சிந்தெடிக், 5,000-6,000 கிலோமீட்டரில் மாற்றம், ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர். ஃபுல் சிந்தெடிக் ஒருமுறை ஊற்றும் செலவுக்கும் இதை இரண்டு முறை செய்யும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் வராது. அடிக்கடி நெடுந்தூரம் போகிற வண்டிக்கு ஃபுல் சிந்தெடிக் தாராளமாகப் போடலாம். "சிந்தெடிக்தானே, தாங்கும்" என்று 15,000 வரை இழுப்பதுதான் மூன்றிலும் மோசமான வழி. அதற்குச் சாதாரண மினரலை நேரத்தில் மாற்றுவது எவ்வளவோ மேல்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய இன்ஜின் ஒழுகும் என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் ஏற்கெனவே காய்ந்து போயிருக்கும், கசடு அதை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் கசடைக் கழுவியதும் ஒழுகல் வெளியே தெரியும். சீலைத்தான் மாற்ற வேண்டும்.

கேனில் பிராண்டைப் பார்க்கும்முன் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரத்தைப் பாருங்கள். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல் வந்தது. பெட்ரோல் கார்களைப் பொறுத்தவரை புதிய தரம் பழைய வண்டிக்கும் பொருந்தும், அதனால் எஸ்பி கிடைத்தால் அதையே வாங்கலாம்.

5டபிள்யூ-30ஆ, 20டபிள்யூ-50ஆ?

இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்பவை: டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில், பின்னால் இருப்பது இன்ஜின் சூட்டில். எண் கூடினால் ஆயில் கெட்டி. "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் சார் நிக்கும்." அம்பாசடர், பத்மினி காலத்திலிருந்து வரும் பேச்சு இது. அந்த இன்ஜின்களுக்குச் சரிதான். ஆனால் இன்ஜினுக்குள் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்கு ஏற்பக் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ரேடியேட்டரும்தான். வெளியே 28 டிகிரியோ 40 டிகிரியோ, சரியாக இருக்கிற கூலிங் சிஸ்டம் இன்ஜினைக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். மாருதியின் கே சீரிஸ் போன்ற இன்ஜின்களில் பேரிங் இடைவெளி மெல்லியது. அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் மேலே ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் கொஞ்சம் குறையும்.

வண்டி ஆயில் குடிக்கிறது என்றால் மேனுவல் அனுமதித்தால் மட்டும் 30இலிருந்து 40க்கு, அதாவது 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40க்கு, ஒரு படி போகலாம். அதற்கும் முன்னால் பிசிவி வால்வைப் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். அது அடைத்துக்கொண்டாலே ஆயில் குறையும். நீலப்புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் மேல்தான் சந்தேகம். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் செலவில் மலையளவு வித்தியாசம், அதனால் காரணம் தெரியாமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

சின்ன இன்ஜினில் மொத்த ஆயிலே மூன்று லிட்டர் சொச்சம்தான். ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்குப் பைசா செலவில்லை. கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆயில் அழுக்கைச் சுமக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பெல்ட் வண்டியா, செயின் வண்டியா?

கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது சில வண்டிகளில் ரப்பர் டைமிங் பெல்ட், சிலவற்றில் இரும்புச் செயின். பழைய கார் வாங்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை. 796 சிசி ஆல்டோ, சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10 இவற்றில் டைமிங் பெல்ட். 2010க்குப் பின் வந்த வேகன்ஆர், கே12 ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் கப்பா இன்ஜின் உள்ள ஐ10 இவற்றில் செயின். பெல்ட் ரப்பர் என்பதால் ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் வயதாகும். மேனுவல் சொன்ன தூரம் வந்தாலோ, எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கினாலோ, மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். டென்ஷனர் பேரிங், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிரிக்கிற லேபர் ஒன்றுதான். சீல் ஒழுகி ஆயில் பட்டால் புது பெல்ட்டும் வீணாகும்.

செயின் வண்டிக்காரர்கள் "லைஃப் லாங்" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் தேய்ந்து நீளும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

கூலண்டா, தண்ணீரா? தெர்மோஸ்டாட்டை மாற்றவா, கழற்றி எறியவா?

இங்கே பனி உறையாது, அதனால் கூலண்ட் எதற்கு, பச்சைத் தண்ணீர் போதும் என்பார்கள். கூலண்ட் உறையாமல் காப்பதற்கு மட்டுமல்ல. துருப்பிடிக்காமலும் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் அரிக்காமலும் காப்பது அதில் உள்ள மருந்துகள்தான். நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அது படிந்தால், மே மாதத்தில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். அவசரத்துக்கு ஊற்றலாம், நிரந்தரமாக வேண்டாம். ரெடிமிக்ஸ் வாங்கினால் கலக்கும் வேலையே இல்லை. கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனம் இருக்கும். பழையது என்னவென்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். அதையும் கூடவே மாற்றிவிடலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு "இனி சூடாகாது சார்" என்று சொல்லும் வழக்கத்தை நான் மனதார எதிர்க்கிறேன். அது இல்லாத இன்ஜின் சூடேற வெகு நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் அடிக்கும், அந்தப் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் விழும். உண்மையான கோளாறு ரேடியேட்டர் அடைப்பிலோ ஃபேனிலோ வாட்டர் பம்பிலோ இருந்தால் அது மறைந்தே இருக்கும். ஒருநாள் ஹெட் வளைந்து கேஸ்கெட் போன பிறகு ஆகும் செலவில் பல வருடக் கூலண்ட் வாங்கலாம்.

ஃப்ளஷ், டீகார்பன், பிளக், ஏர் ஃபில்டர்

வரலாறு தெரியாத பழைய இன்ஜினில் இன்ஜின் ஃப்ளஷ், அதாவது கசடைக் கரைக்க ஊற்றும் ரசாயனம், வேண்டாம். மொத்தமாகப் பெயரும் கசடு ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடைக்கலாம். அதற்குப் பதில் இரண்டு மூன்று முறை 2,500 கிலோமீட்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் மெதுவாகவே சுத்தமாகும். இன்ஜினுக்குள் படிந்த கரியை நீக்கும் டீகார்பன் சர்வீஸும் இந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. இவற்றில் பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால் வால்வு தானாகவே கழுவப்படுகிறது. இன்டேக் வால்வில் கரி படிவது பெரிய தொல்லையாக இருப்பது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கும் இன்ஜின்களில்தான்.

சாதாரண நிக்கல் பிளக்கா, இரிடியமா என்றால் இரிடியம் அதிக நாள் வரும், அவ்வளவுதான். பிக்கப் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று சிலிண்டர் வண்டியில் பிளக் மாற்றுவது சின்ன வேலை, அதனால் நிக்கலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். இடைவெளி விரிந்த பிளக்கோடு ஓட்டினால் இக்னிஷன் காயிலுக்குத்தான் சுமை.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் சரியும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) கார்களில் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. கம்பெனி காகித ஃபில்டரே போதும், கழுவிப் போடும் துணி ஃபில்டருக்கு இந்த வண்டிகளில் வேலையில்லை.

கம்பெனி சர்வீஸா, தெரிந்த ஷெட்டா?

சென்சார், ஏர்பேக், ஸ்கேனர் தேவைப்படும் கோளாறு என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஆயில், பெல்ட், கூலண்ட், வால்வ் சீல் போன்றவற்றுக்கு நல்ல ஷெட் மெக்கானிக்கே மேல். ஷெட்டில் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சென்னை ஜிபி ரோட்டில் பில்லோடு ஒரிஜினல் ஃபில்டர், பெல்ட் எல்லாம் கிடைக்கும். புதுப்பேட்டைப் பழைய பொருள் கதவுக்கும் கண்ணாடிக்கும் சரி, டைமிங் பெல்ட்டுக்கும் டென்ஷனருக்கும் கூடவே கூடாது. ஆயில் கேனின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். இந்த வயதுக் கார்களின் ரப்பர் குழாய்கள் அதற்கென்று செய்தவை அல்ல. சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸ்களின் முனைகளில் வெடிப்போ ஈரமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டியை எடுக்கும்முன் சமதரையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் அளவைப் பார்த்து, டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.