பெரிய ஹீலிக்கு எந்த ஆக்சில்: 3.909-ஆ, 3.545-ஆ?

பெரிய ஹீலி என்று சொல்லப்படும் ஆஸ்டின்-ஹீலி 3000 கார் 1959-இல் வந்தபோது ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது இன்ஜினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அப்படி வாங்கியவர்களின் காருக்கு 3.909 ஆக்சில், வாங்காதவர்களுக்கு 3.545. பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் தண்டு (புரொபெல்லர் ஷாஃப்ட்) எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண். ஆக்சிலும் ஓவர்டிரைவும் ஜோடியாகவே வந்தன. இன்று பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் அந்த ஜோடியைப் பிரித்துவிடுகிறார்கள். ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டுவார்கள். பின்னால் இருக்கும் 3.545-ஐ யாரும் தொடுவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் உருளும், ஓவர்டிரைவ் விகிதம் 0.82 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில், 3.909 ஆக்சிலில் இன்ஜின் சுமார் 3,260 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றும். ஓவர்டிரைவைப் போட்டால் 2,670. வெறும் 3.545 என்றால் 2,950. அதே 3.545-இல் ஓவர்டிரைவையும் சேர்த்தால் 2,420-க்கு இறங்கிவிடும்.

கடைசி எண்தான் பலரை மயக்குகிறது. அமைதியாக ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று தோன்றும். சமதளத்தில் அது உண்மைதான். 2,912 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு இழுவை தாராளம். ஆனால் ஏற்றம் வந்ததும் இன்ஜின் திணறும், கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும். அங்கேதான் ஓவர்டிரைவுக்கு ஆபத்து. அது கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கிறது. சக்கரத்துக்கு ஒரே அளவு இழுவை போய்ச் சேர வேண்டுமென்றால், 3.545 ஆக்சிலில் அந்த நடுப்பகுதி 3.909-ஐவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டும். உள்ளே ஆயில் அழுத்தத்தால் பிடித்து நிற்கும் கூம்பு கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், முழு ஆக்சிலரேட்டரில் வழுக்க ஆரம்பிக்கும். ஒருமுறை வழுக்கிச் சூடானால் அதன் லைனிங் பளபளவென்று ஆகிவிடும், பிடிப்பு இன்னும் குறையும்.

3.909-க்கும் ஒரு கவனம் தேவை. மூன்றாவது கியரில் ஓவர்டிரைவும் போட்டு 4,500 ஆர்பிஎம் போய்க்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டி அணைத்தால், ஒரு நொடிக்குள் முள் 5,490-க்குத் தாவும். ஹீலியின் கனமான இன்ஜின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரில் கால் லேசாக இருக்கும்போதே அணைக்க வேண்டும். போடும்போது கிளட்சை மிதிக்கத் தேவையில்லை.

ரிவர்ஸ் விஷயத்தில் இரண்டு ஆக்சிலுக்கும் ஒரே விதிதான்: ஓவர்டிரைவ் பிடித்த நிலையில் பின்னால் எடுக்கவே கூடாது. உள்ளே ஒரு திசையில் மட்டும் சுழலும் ரோலர் கிளட்ச் அப்படியே பூட்டிக்கொண்டு உடையும். இதைத் தடுக்கத்தான் கியர்பாக்ஸின் மேல் ஒரு சிறிய சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மேல் கியர்களில் மட்டும், ஓவர்டிரைவைப் பிடிக்க வைக்கும் சோலனாய்டுக்கு (மின்காந்தக் கருவி) கரண்ட் போகும். வயரிங் மாற்றும்போது அந்தச் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக இணைப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

மற்ற கார்களிலும் இதே சிந்தனைதான். டிரையம்ஃப் டிஆர்4-க்கு வழக்கமான ஆக்சில் 3.7, ஓவர்டிரைவ் வாங்கினால் 4.1-ஐயும் கேட்டு வாங்கலாம். 1966-இல் வந்த ஜிடி6-இல் வித்தியாசம் இன்னும் பெரிது: ஓவர்டிரைவ் இல்லையென்றால் 3.27, இருந்தால் 3.89. எம்ஜிபி மட்டும் விலக்கு. ஓவர்டிரைவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3.909-தான். அதனால் எம்ஜிபிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

எனக்குக் கேட்டால், ஓவர்டிரைவ் இருந்தால் 3.909, தயக்கமே இல்லை. ஊருக்குள் சுறுசுறுப்பாகக் கிளம்பும், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும். சமதள நெடுஞ்சாலையில் மட்டுமே ஓட்டுபவர், ஏற்றத்தில் ஓவர்டிரைவை அணைக்க மறக்காதவர் என்றால் 3.545-ஐ வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்யுங்கள். அதற்கான சுழற்சி ஓவர்டிரைவின் வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது, 3.909-க்கு அமைத்த மீட்டர், கார் 100-இல் போகும்போது 91 என்றுதான் காட்டும்.

சரி, உங்கள் காரில் இருப்பது எது? ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலைத் திறந்தால் பினியனில் (சிறிய பல்சக்கரம்) 11 பல் இருக்கும். கிரவுன் வீலில் (பெரிய பல்சக்கரம்) 43 என்றால் 3.909, 39 என்றால் 3.545. திறக்காமலும் பார்க்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வையுங்கள். புரொபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்று இரு சக்கரங்களும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றுவதற்குச் சமம்). கோடு நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 3.909. மூன்றரையில் நின்றால் 3.545.