ஏழு ஆண்டு, ஐம்பது சுருட்டு, பொய் சொன்ன ஒரு முள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, நீங்கள் வைச்சிருக்கிற அந்த ஹியூமிடோர் பெட்டி விலை இறங்கிக் கிடக்கு. 110 டொலர்தான். வாங்கட்டோ?"

ஹியூமிடோர் என்றால் சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரத்தைப் பேணும் மரப்பெட்டி. 2018ல் நான் அதற்குக் கொடுத்தது 180 டொலர். அவன் கேட்ட நேரம் அந்தப் பெட்டி மூடி கழன்று, ஸ்காபரோவில் ஒரு தச்சர் அண்ணரின் மேசையில் கிடந்தது. "வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. ஏழு ஆண்டு புழங்கிய பொருளை ஒரு சொல்லில் தள்ளிவிடுவது அந்தப் பெட்டிக்கும் நியாயமில்லை, கேட்டவனுக்கும் நியாயமில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன். பெட்டியைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் என் கோபம் விளங்காது. 2018 பெப்ரவரியில் குளிருக்குத் தப்பி கியூபாவின் வரதேரோவுக்கு ஒரு கிழமை போனோம். ஒரு நாள் ஹவானா. தெருவில் மூன்று பேர் வந்து, கூட்டுறவுச் சங்கத்தில் இன்றைக்கு மட்டும் சுருட்டு பாதி விலை என்று காதுக்குள் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு அசையாமல் நேரே அங்கீகரிக்கப்பட்ட கடைக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கினேன். மொன்டேகிறிஸ்டோ நம்பர் 4 இருபத்தைந்து, பர்த்தகாஸ் சீரி டி நம்பர் 4 (சுருக்கமாக டி4) இருபத்தைந்து. கனடாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 50 சுருட்டு, அந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பெட்டியின் அடியில் தொழிற்சாலைக்கான எழுத்துகளும், அவை பெட்டியில் இடப்பட்ட மாதமும் ஆண்டும் முத்திரை குத்தியிருந்தன. இரண்டுமே 2017.

அன்றைக்கே ஒரு தொழிற்சாலைக்குள்ளும் கூட்டிப்போனார்கள். வரிசை வரிசையாக மரமேசைகள். ஒரு மூலையில் உயர்ந்த மேடையில் இருந்து ஒருவர் பத்திரிகை வாசிக்கிறார். சுற்றுகிற தொழிலாளருக்கு வாசித்துக் காட்டும் இந்த வழக்கம் 1865லிருந்து வருவது. என் முன்னே இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நன்றாக எரிய வோலாடோ, மணத்துக்கு செக்கோ, காரத்துக்கு லிகேரோ என்று பிரித்து வைத்த இலைகளை எடுத்து, மெதுவாக எரியும் லிகேரோவை நடுவில் வைத்து, காற்றுப் போக வழி விட்டு மடித்துக் கட்டினாள். சாவேத்தா என்கிற பிறைவடிவத் தகடு ஒன்றுதான் கையில் ஆயுதம். மேலிலையை இழுத்துச் சுற்றி, நுனியில் பசை தொட்டு ஒரு தொப்பி ஒட்டினாள். இலை ஒன்றுகூடக் கிழியவில்லை.

அந்தப் பெண்ணுக்குத்தான் நான் இரண்டு வருடம் அநியாயம் செய்தேன்.

ஹியூமிடோர் பெட்டி வந்தது. பார்க்க வடிவு. வெளியே வார்னிஷ் பூச்சு கண்ணாடி மாதிரி, ஏழு வருடத்தில் ஒரு வெடிப்பில்லை. உள்ளே ஸ்பானியத் தேவதாரு. அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தேவதாருவும் இல்லை, ஸ்பெயின் நாட்டு மரமும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவில் வளரும் செட்ரேலா. எங்கள் வேம்பும் மலைவேம்பும் அதே குடும்பம். இதை அறிந்த நாளிலிருந்து மூடியைத் திறக்கும்போது வரும் அந்த மணத்தில் எனக்கு ஊர் முற்றம் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. இந்த மரம் ஈரத்தை வாங்கி வைத்து மெல்ல விடும், சுருட்டின் எண்ணெய்மணத்தோடும் கலக்கும். மரவேலையில் அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மூடியின் முன்பக்கத்தில் பித்தளை வளையத்துக்குள் ஒரு ஈரப்பதமானி, முள்ளுள்ளது. அது எப்பவும் 65 வீதம் என்று காட்டியது. கியூபச் சுருட்டுக்கு நான் விரும்பும் அளவு அதுதான். 70 என்று எழுதுவோர் உண்டு, என் நாக்கு 65 என்கிறது. முள் அசையவே இல்லை. எனக்கு நிம்மதி.

ஆனால் சுருட்டு இழுபடவில்லை. முதல் டி4ஐ வெட்டிப் பற்றவைத்து இழுத்தால், தடித்த மில்க்சேக்கை மெல்லிய ஸ்ட்ரோவில் உறிஞ்சுவது போல் கன்னம் உள்ளே போகிறது. புகை வரவில்லை. புகை வரவில்லை என்று இன்னும் பலமாக இழுத்தேன், பலமாக இழுத்தால் தணல் சூடேறும், சூடேறினால் கசக்கும். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அப்படியே நிற்கும். அணையும், திரும்பப் பற்றவைப்பேன், இன்னும் கசக்கும். மூக்கில் அமோனியா நெடி வேறு. முதல் இரண்டு ஆண்டில் இருபது பற்றவைத்தேன், பதினொன்றைப் பாதியில் எறிந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மேசையும் அந்தப் பெண்ணின் கையும் நினைவில் வரும். இலையை இறுக்கிவிட்டாள், அவசரப்பட்டிருக்கிறாள் என்று நினைப்பேன். வந்தவர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். மேலிலை சுற்றுவதற்கு முன்பே இலைக்கட்டின் இழுவையைப் பார்க்கும் கருவி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே பாவனையில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2020 வசந்தத்தில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம், ஒரு நாள் உப்புச் சோதனை செய்தேன். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பு, களிபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் போகாத பையில் ஒரு நாள் மூடி வைத்தால் உள்ளே 75 வீதம் நிற்கும். இயற்கை விதி அது, மாறாது. மறுநாள் பையைப் பார்த்தேன். முள் 68ல் நின்றது. ஏழு குறைவு. அதாவது 65 என்று அது சொன்ன ஒவ்வொரு நாளும் என் சுருட்டுகள் 72ல் ஊறிக் கிடந்திருக்கின்றன. ஊறிய இலை பருக்கும், பருத்தால் அந்தப் பெண் விட்டு வைத்த காற்றுவழி அடைபடும்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் குறைக்க முடியவில்லை. 180 டொலர்ப் பெட்டியில் கண்ணுக்கு முன்னால் பதித்து வைத்த கருவி இது. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரே வாய் அதற்குத்தான். ஈரத்தைப் பேணுவதற்கென்று விற்கும் பொருளில் ஈரத்தை அளப்பதை அலங்காரமாக வைப்பது நேர்மையில்லை. சோதித்துத் திருத்திவிட்டுப் பாவியுங்கள் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இருபது டொலருக்கு ஒரு டிஜிட்டல் மானி வாங்கினேன். நிறுவனம் தந்த ஈரப் பஞ்சைத் தூக்கிவிட்டு, 65 வீதத்துக்கான உப்புக்கரைசல் பொதிகள் இரண்டு வைத்தேன். ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். பிறகு ஆறு மாதம் மூடியைத் திறப்பதைக் குறைத்தேன். இலை ஈரத்தை விட்டுக் கொடுக்க நாள் எடுக்கும், அவசரப்பட்டுக் காயவைத்தால் மேலிலை வெடிக்கும்.

அந்த ஒக்டோபரில் பற்றவைத்த டி4ஐ மறக்க மாட்டேன். வெட்டி, பற்றவைக்காமலே ஒரு இழுவை. மரமும் காய்ந்த வைக்கோலும் போல ஒரு சுவை உடனே வந்தது. பற்றவைத்தேன். முதல் பாகத்தில் நாக்கு நுனியில் மிளகு, பின்னால் ஈர மண். ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம், அதற்கு மேல் இல்லை. புகையை நெஞ்சுக்குள் எடுப்பதில்லை, வாயில் வைத்து, கொஞ்சத்தை மூக்கால் விட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். நடுப்பாகத்தில் காரம் இறங்கி, கருக வறுத்த கோப்பிக்கொட்டை. கடைசியில் புதுத்தோல் செருப்புக் கடை மணம், அதற்கு அடியில் ஒரு இனிப்பு. சாம்பல் ஒன்றரை அங்குலம் உதிராமல் நின்றது. ஒருதரமும் அணையவில்லை. எல்லாம் அவள் செய்து அனுப்பியபடியே இருந்திருக்கிறது.

மொன்டேகிறிஸ்டோ 4 வேறு குணம். மெல்லியது, முக்கால் மணித்தியாலத்தில் முடியும், கொக்கோவும் கோப்பியும் சிறு புளிப்பும். விஸ்கியோடு சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு அதற்குச் சரியான துணை பிளேன் ரீயும் ஒரு கடி பனங்கட்டியும். பனங்கட்டியின் கரிப்பும் அந்தக் கொக்கோவும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். அப்பப்பா கோடா என்ற சாறு தடவிய ஊர்ச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பனங்கட்டி கடித்தவர். ஆங்கிலக்காரனின் 'செரூட்' என்ற சொல்லே எங்கள் சுருட்டிலிருந்து போனதுதான். இரண்டு இலைக்கும் சுவையில் உறவில்லை, ஆனால் மெல்லப் புகைக்கிற பொறுமையை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

இது உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு மயக்கமில்லை. உள்ளிழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. பழகாதவர்களைப் பழகச் சொல்லி இதை எழுதவில்லை.

இனி மூடி விஷயம். ரொறன்ரோ மாரியில் ஹீற்றர் ஓடினால் வீட்டுக்குள் ஈரம் 25 வீதத்துக்கும் இறங்கும். நான்காம் மாரியில் மூடியின் மரம் சுருங்கி வலது மூலையில் இடைவெளி விழுந்தது. இருட்டறையில் உள்ளே டோர்ச் லைட்டை வைத்து மூடினேன், நூல்போல வெளிச்சம் தெரிந்தது. பொதிகள் இரண்டு மாதத்தில் கல்லாகிவிடும், மாற்றிக்கொண்டே இருந்தேன். நிறுவனத்துக்கு எழுதினேன். மரம் சுருங்குவது இயல்பு, உத்தரவாதம் ஓராண்டு என்று பதில். போன மாரியில் மானி 56 காட்டியது. ஒரு மொன்டேகிறிஸ்டோவின் மேலிலை கையில் எடுத்த உடனே பிளந்தது. 2022ல் கொஹிபா என்ற இன்னொரு கியூபச் சுருட்டின் விலையை உலகமெங்கும் ஹொங்கொங் விலைக்கு உயர்த்தினார்கள், மற்றவையும் ஏறின. அதே ஆண்டு செப்டெம்பரில் இயன் புயல் கியூபாவில் புகையிலை விளையும் பினார் டெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டில்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. இனி அந்த விலைக்கு அந்த இலை எனக்குக் கிடைக்காது. பிளந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

தச்சர் அண்ணர் உள்விளிம்பில் அதே செட்ரேலா மரத்தில் மெல்லிய தகடு சீவி ஒட்டிக் கொடுத்தார். நாற்பது டொலர். இப்போது மூடியை விட்டால் உள்ளே அடைபட்ட காற்று மெல்லத் தாங்கி இறக்குகிறது. ஐந்து டொலர்த் தாளை இடையில் வைத்து மூடினால் இழுக்க வருவதில்லை. மூன்று கிழமையாக 65, 64, 65. பித்தளை வளையத்துக்குள் இருந்த அந்த முள்மானியை அவரையே கழற்றச் சொல்லி, ஓட்டையை மரத்தால் அடைத்துவிட்டேன்.

தம்பி, மரம் நல்லது, பூச்சு நல்லது, மணம் ஏழு வருடத்தில் குறையவில்லை, என்னுடையதை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனால் நீ வாங்காதே. 110 இல்லை, 50க்குத் தந்தாலும் வேண்டாம். ரப்பர் விளிம்புள்ள, இறுக்கமாகப் பூட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடு, உள்ளே சுருட்டு வந்த மரப்பெட்டியின் பலகையைப் போடு, இரண்டு பொதி வை, டிஜிட்டல் மானியை உப்பில் சோதித்துவிட்டு வை. முப்பது நாற்பது டொலரில் முடியும்.

என்னிடம் டி4 நான்கும் மொன்டேகிறிஸ்டோ இரண்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கராஜுக்கு வா. இரண்டு டி4 எடுத்து வைக்கிறேன். வரும்போது நீளக் குச்சியுள்ள தீப்பெட்டி ஒன்று கொண்டு வா, இந்தக் குளிருக்கு லைட்டரில் காஸ் எழும்பாது.