வில்லியம்ஸா, அம்ஹெர்ஸ்டா: மலையகத்திலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ், அம்ஹெர்ஸ்ட் ஆகிய இரு சிறு கல்லூரிகளுக்கும் ஒருவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் நவம்பரில் அனுப்பும் முன்கூட்டிய விண்ணப்பம் ஒன்றுக்கு மட்டுமே உரியது, ஏனெனில் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக மாணவரும் பெற்றோரும் பாடசாலையும் முன்னரே ஒப்பமிட வேண்டும். ஹட்டனில் உயிரியல் பிரிவில் படிக்கும் என் அண்ணன் மகள் அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டதால், இரு கல்லூரிகளின் பாடவிதானத்தையும் நிதியுதவி விதிகளையும் படித்து எழுதும் மதிப்பீடு இது. தரவரிசைகளை நான் பொருட்படுத்தவில்லை. அவை இரண்டையும் நெடுங்காலமாக உச்சியிலேயே வைத்திருப்பதால், தெரிவு செய்பவருக்கு அவற்றால் பயனில்லை.

வில்லியம்ஸ் 1793இல் தொடங்கியது, அம்ஹெர்ஸ்ட் 1821இல். முன்னதன் தலைவராக இருந்த செஃபனையா ஸ்விஃப்ட் மூர் அங்கிருந்து விலகிச் சென்றே பின்னதன் முதல் தலைவரானார் என்பதால், இரண்டுக்கும் இடையிலான பங்காளிப் போட்டி இன்றளவும் தொடர்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்தை ஒட்டிய மாணவர்களே படிக்கிறார்கள். 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள் என்று அழைக்கப்படுவதால் இவற்றை நம் உயர்தரக் கலைப் பிரிவின் நீட்சியாக எண்ணிவிடக் கூடாது. பௌதிகவியலும் கணினி விஞ்ஞானமும் இலக்கியத்துக்கு இணையாகவே கற்பிக்கப்படுகின்றன. சாதாரண தரம் முடிந்த கையோடு பிரிவைத் தெரிந்து, பிறகு திரும்பிப் பார்க்க வழியற்றுப் போகும் நம் பிள்ளைகளுக்கு, முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் அறிவித்தால் போதும் என்ற ஏற்பாடே பெரிய விடுதலை. வைத்தியராகும் நோக்கம் மட்டுமே உள்ளவர்கள் இரண்டையும் விட்டுவிடலாம். அங்கே மருத்துவக் கல்வி பட்டத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது, வெளிநாட்டவருக்கு அதில் இடம் கிடைப்பதும் மிக அரிது.

கற்பிக்கும் முறையில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. வில்லியம்ஸில் 1988 முதல் ஒக்ஸ்ஃபோர்டைப் பின்பற்றிய இணை வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. இரண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறார்கள். ஒருவர் தாம் எழுதிய கட்டுரையை முன்வைக்க, மற்றவர் அதிலுள்ள ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுகிறார். அடுத்த வாரம் பாத்திரங்கள் மாறுகின்றன. ஆசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். குறிப்பு சொல்லி எழுதவைத்து, அதை மனனம் செய்து ஒப்புவிக்கும் வகுப்பறையில் பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்த பிள்ளைக்கு இது முதலில் கொடுமையாகவே தோன்றும், அதிலும் தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு நாக்கு எழவே எழாது. ஆயினும் நாற்பது பேர் வகுப்பின் கடைசி வாங்கில் ஒளிந்துகொள்ள முடிவதைப் போல இருவர் வகுப்பில் ஒளிய முடியாது. நம் பிள்ளைகளுக்கு அறிவில் குறை இல்லை. வாய் திறந்து மறுத்துப் பேசும் பழக்கத்தை யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் குறை, அதைத் தீர்க்க இதைவிட நேரான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மொழிகளும் கலைகளும், சமூகக் கற்கைகள், விஞ்ஞானமும் கணிதமும் என்ற மூன்று துறைகளிலும் மும்மூன்று பாடங்கள் கட்டாயம் என்பதையும், சனவரி மாதத்தில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் படிக்கும் குளிர்காலத் தவணையையும் நான் நன்மைகளாகவே எண்ணுகிறேன்.

அம்ஹெர்ஸ்டில் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றையும், தெரிந்த முதன்மைப் பாடத்தின் நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் மற்றவை அவரவர் விருப்பம். கேட்க இனிமையான இந்த ஏற்பாடு, வழிகாட்ட வீட்டில் படித்தவர்கள் உள்ள பிள்ளைக்கே முழுப் பயன் தரும் என்பது என் ஐயம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்பவர் பழகிய பாடங்களுக்குள்ளேயே சுற்றிவரக்கூடும். அதை ஈடுசெய்வது அயல். ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் ஆகிய மகளிர் கல்லூரிகளும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகமும் உள்ளடங்கிய ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பின் வழியாக, பஸ்ஸில் சென்று அவற்றின் பாடங்களையும் படிக்கலாம். வில்லியம்ஸ் கல்லூரி அமைந்துள்ள வில்லியம்ஸ்டவுனோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே தனித்திருக்கும் சிற்றூர். அவ்வூரை அடுத்துள்ள கிரேலொக் மலைதான் மாசசூசெட்ஸிலேயே உயர்ந்ததாம். 1,064 மீற்றர் என்று படித்துச் சிரித்தேன். ஹட்டன் பஸ் நிலையம் அதைவிட உயரத்தில் நிற்கிறது.

இந்த ஊருக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1806இல் வில்லியம்ஸ் மாணவர்கள் சிலர் மழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அருகே நடத்திய செபக் கூட்டத்தின் விளைவாகவே 1810இல் அமெரிக்க மிஷன் சபை உருவானது. அச்சபையினர் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினார்கள். அந்தக் கல்வி வடக்கில் வேரூன்றிய அதே நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார் வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

இனிப் பணம். இரண்டிலும் ஓராண்டுச் செலவு 80,000 டொலருக்கு மேல். சேர்த்துக்கொண்ட மாணவருக்கு, குடும்பத்தால் இயலாத முழுத் தொகையையும் இரண்டுமே ஈடுசெய்கின்றன. அவ்வுதவியில் கடன் என்பது கிடையாது. வில்லியம்ஸ் ஒரு படி மேலே சென்று, 2022 முதல் வளாக வேலையை உதவியின் நிபந்தனையாக வைப்பதையும் நிறுத்திவிட்டது. ஆனால் உதவி கேட்பது தெரிவைப் பாதிக்குமா என்ற கேள்வியில் அம்ஹெர்ஸ்ட் முந்துகிறது. வெளிநாட்டு விண்ணப்பங்களையும் அது பணவசதியைப் பாராமலே தீர்மானிக்கிறது. வில்லியம்ஸ் அந்தச் சலுகையை அமெரிக்க மாணவர்களுக்கு வைத்துக்கொண்டு, வெளிநாட்டவர் விடயத்தில் பணத்தேவையையும் கணக்கில் எடுத்து வந்திருக்கிறது. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு ஏறத்தாழ முழுச் செலவும் தேவைப்படும் என்பதால், இந்த ஒரு விதி மற்ற எல்லா நன்மைகளையும் விடக் கனமானது.

ஆகவே கற்பித்தலில் வில்லியம்ஸை மேலாக மதித்தபோதிலும், முன்கூட்டிய விண்ணப்பத்தை அம்ஹெர்ஸ்டுக்கே அனுப்பும்படி சொன்னேன். அங்கு இடம் கிடைக்காவிட்டால் சனவரியின் பொதுச் சுற்றில் வில்லியம்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். கொடுக்கப்படும் உதவி உண்மையிலேயே போதாதென்றால் முன்கூட்டிய ஒப்பந்தத்திலிருந்து விலகவும் இடமுண்டு.

இரண்டுக்கும் பொதுவான சிரமம் ஆவணங்களில் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தின் சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் முற்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது. ஆசிரியர் கடிதங்களுக்கு அதைவிடக் கூடிய கவனம் வேண்டும். "ஒழுக்கமும் பணிவும் மிக்கவர்" என்று நாம் வழக்கமாக எழுதும் நற்சான்றிதழ் அங்கே எதையும் சொல்லாது. வகுப்பில் எந்தக் கேள்வியைக் கேட்டார், எந்த விடையை ஏற்க மறுத்தார் என்பதையே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். உயர்தரப் பரீட்சை 2024, 2025இல் நவம்பரிலேயே தொடங்கியது, அதன் மாதம் மாறுவதும் உண்டு என்பதால், கட்டுரைகளும் கடிதங்களும் பரீட்சைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.